லெப்டின் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்தால் டயாலிசிஸ் நோயாளியைப் பட்டினி போடலாமா?

கேள்வி இதுதான். களியக்காவிளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, பல வருட சுகர், முன்பே ஸ்டென்ட் வைத்தவர், ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு டயாலிசிஸ், எடை 81 கிலோ. ஏதோ ஒரு லேபில் ஹார்ட் பேக்கேஜ் என்று எடுத்ததில் லெப்டின் எக்கச்சக்கமாகக் கூடியிருக்கிறது, அடிபோனெக்டினும் நார்மலைத் தாண்டி நிற்கிறது. துபாயில் இருக்கும் அத்தான் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, "கொழுப்பில இருந்து வர்ற ஹார்மோன்தான் ஹார்ட்டைக் கெடுக்குது, மீன் முட்டையை நிறுத்து, ராத்திரிச் சாப்பாட்டை வெட்டு, பத்துப் பதினைஞ்சு கிலோ இறங்கட்டும்" என்கிறாராம். அம்மாவோ "ஆளு ஏற்கெனவே வாடிப்போய்க் கிடக்காரு" என்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றியும் கேட்டிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா சொல்வதை. அத்தான் படித்தது பொய்யில்லை, ஆனால் அது கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறவர்களைப் பற்றியது. உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்தினால் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கெடுதல் செய்துவிடுவீர்கள். நான் டாக்டர் இல்லை, டயாலிசிஸ் நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்க்கிற டயட்டீஷியன். மாத்திரை, இன்சுலின் அளவு பற்றிய முடிவெல்லாம் உங்கள் கிட்னி டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அத்தானுக்கும் அனுப்பி வையுங்கள்.

கொழுப்பு என்றால் சும்மா உடம்பில் தேங்கிக் கிடக்கிற நெய் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1994-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டுபிடித்த பிறகு அந்த நினைப்பு மாறியது. கொழுப்புச் செல்களே இந்தப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. அது மூளைக்குப் போய் "சேமிப்பு போதும், சாப்பாட்டைக் குறை" என்று சொல்கிறது. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும், ஆண்களை விடப் பெண்களுக்கு இயல்பாகவே அதிகம் இருக்கும். குண்டானவர்களுக்குப் பசி ஏன் அடங்குவதில்லை என்றால், அவர்கள் மூளை அந்தச் சொல்லை ஓரளவுக்கு மேல் காதில் வாங்குவதில்லை. ஆனால் லெப்டினுக்கு இன்னொரு வேலையும் உண்டு, உடம்பை உசுப்பேற்றுகிற சிம்பதெடிக் நரம்புகளைத் தூண்டுவது. பசி விஷயத்தில் செவிடான மூளை இந்த விஷயத்தில் அவ்வளவு செவிடாக இருப்பதில்லை, அதனால் பிரஷர் ஏறும், இதயத் துடிப்பு கூடும். அத்தான் படித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் சரி.

இனி கிட்னி விஷயத்துக்கு வருவோம். ரத்தத்தில் ஓடுகிற லெப்டினில் பெரும் பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். கிட்னி செயலிழந்துவிட்டால் கொழுப்பு கூடாமலேயே லெப்டின் தேங்க ஆரம்பிக்கும், அதே எடையுள்ள சாதாரண ஆளை விடப் பல மடங்கு வரை ஏறும். டயாலிசிஸ் மெஷின் அதை எடுத்துவிடாதா என்று கேட்பீர்கள். யூரியாவின் மூலக்கூறு எடை 60 டால்டன், கிரியேட்டினின் 113. லெப்டின் ஏறக்குறைய 16,000. வழக்கமான லோ ஃப்ளக்ஸ் டயலைசரின் (ரத்தத்தை வடிகட்டுகிற குழாயின்) துளை வழியாக அது போகவே போகாது. துளை பெரிதான ஹை ஃப்ளக்ஸ் டயலைசரோ, கூடுதலாக நீரைத் தள்ளி வடிகட்டுகிற ஹீமோடயாஃபில்ட்ரேஷனோ செய்தால் ஓரளவு குறையும், அதுவும் அடுத்த டயாலிசிஸுக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் மட்டும்தான் வேகமாக இறங்குகிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் 'நார்மல் இவ்வளவு' என்று பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள் பாருங்கள், அது கிட்னி நன்றாக இருப்பவர்களை வைத்துப் போட்ட அளவு. அதை வைத்து அப்பாவின் கொழுப்பை எடை போட முடியாது. அப்பாவுக்கு லெப்டின் கூடியிருப்பதில் தொப்பையின் பங்கு எவ்வளவு, கிட்னியின் பங்கு எவ்வளவு என்று அந்தக் காகிதத்தைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு, டயாலிசிஸ் நோயாளிகளில் லெப்டின் குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்று காட்டிய ஆய்வும் உண்டு. காரணம் மர்மம் ஒன்றும் இல்லை, லெப்டின் குறைவு என்றால் உடம்பில் சேமிப்பே கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

அடிபோனெக்டின் கதை இதை விடச் சுவாரசியம். 1995, 96 வாக்கில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இதுவும் கொழுப்புச் செல்லில் இருந்து வருவதுதான், ஆனால் தொப்பை கூடக்கூட இது குறையும். இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும், ரத்தக் குழாயின் உள்சுவரைக் காக்கும். சாதாரண மக்களில் இது குறைந்தவர்களுக்குத்தான் சுகரும் ஹார்ட் அட்டாக்கும் அதிகம் வருகிறது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு மேலே ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம், அடிபோனெக்டின் குறைவு என்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆக, இது நல்ல ஹார்மோன், கூடினால் சந்தோஷப்பட வேண்டும், அப்படித்தானே?

2002-ல் இத்தாலியில் கார்மைன் ஸோக்காலி குழு 227 டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். அவர்களுக்கு அடிபோனெக்டின் சாதாரண ஆட்களை விட சுமார் 2.5 மடங்கு அதிகம் இருந்தது, அவர்களுக்குள்ளேயே கூடுதலாக இருந்தவர்களுக்கு இதயக் கோளாறுகள் குறைவாக வந்தன. நல்ல ஹார்மோன் என்ற பெயருக்கு ஏற்ற முடிவு. ஆனால் 2006-ல், இன்னும் டயாலிசிஸ் கட்டத்துக்கு வராத கிட்னி நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் வந்த ஆய்வில் நேர் எதிர், அடிபோனெக்டின் கூடக்கூட மரணமும் கூடியது. இதயம் பலவீனமாகி ஹார்ட் ஃபெயிலியர் வந்தவர்களிலும் அதே எதிர்மறைதான் தெரிந்தது. இதற்கு இரண்டு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். இதயம் நீர் தேங்கித் திணறும்போது அதுவே விடுகிற நேட்ரியூரெடிக் பெப்டைடுகள் கொழுப்புச் செல்லைத் தூண்டி அடிபோனெக்டினை ஏற்றிவிடும். உடம்பு கரைய ஆரம்பித்தாலும் இது ஏறும். கிட்னி வெளியேற்றாததாலும் ஏறும். அதாவது கூடியிருக்கிற அடிபோனெக்டின் 'ரத்தக் குழாய் நன்றாக இருக்கிறது' என்றும் சொல்லலாம், 'இதயம் தளர்கிறது' என்றும் சொல்லலாம், 'ஆள் இளைக்கிறான்' என்றும் சொல்லலாம். இந்த மூன்றில் எது என்று எண் சொல்லாது, ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் அந்த இரண்டு டெஸ்டையும் மறுபடி எடுக்க வேண்டாம். காசுக்குப் பிடித்த கேடு. ஆராய்ச்சிக்கு அருமையான விஷயங்கள், ஆனால் இந்த எண்ணை வைத்து டாக்டர் உங்கள் அப்பாவுக்கு ஒரு மாத்திரையைக்கூட மாற்றப் போவதில்லை.

அடிபோனெக்டினை ஏற்றுகிற மருந்து இல்லையா என்று அடுத்து அத்தான் கேட்பார். இருக்கிறது, பியோக்ளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை அதை நன்றாகவே ஏற்றும். கூடவே உடம்பில் நீரைத் தேக்கும், ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. சிறுநீர் சரியாகப் போகாத ஒருவருக்கு நீர் தேக்கும் மாத்திரை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் ஒரு எண் அழகாக மாறுவதும் ஆள் நன்றாக இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதை விட நல்ல உதாரணம் கிடையாது. அப்புறம், நம் பக்கத்தில் மீன்கறிக்குப் போடுகிற குடம்புளி இருக்கிறதே, அதன் சத்து என்று சொல்லி கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை விற்கிறார்கள். கறியில் கிடக்கிற இரண்டு சுளை யாரையும் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த மாத்திரையைத் தின்று ஈரல் கெட்டவர்கள் உண்டு. கிட்னியும் போய் ஈரலும் போக வேண்டாம். ஆடி மாதத்தில் கேரளத்தில் இருந்து வருகிற கர்க்கடக மருந்துக் கஞ்சிப் பொட்டலமும் இதே கணக்குத்தான், உள்ளே என்னென்ன வேர் இருக்கிறது என்று தெரியாததை டயாலிசிஸ் ஆளுக்குக் கொடுக்காதீர்கள்.

ரெசிஸ்டின், விஸ்ஃபாட்டின் என்று இந்த மாதிரிப் பொருட்கள் இன்னும் ஒரு வரிசை இருக்கிறது, அதெல்லாம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பு இன்டர்லூகின் 6 போன்ற அழற்சிப் பொருட்களையும் சுரக்கிறது. இது ரத்தக் குழாயையும் கெடுக்கும், தசையையும் கரைக்கும், பசியையும் கொல்லும். ஸ்டாக்ஹோமில் பீட்டர் ஸ்டென்வின்கெல் குழு 1999-லேயே, ஊட்டக் குறைவு, அழற்சி, ரத்தக் குழாய் அடைப்பு மூன்றும் கிட்னி நோயாளிகளில் கைகோத்து வருவதைக் காட்டினார்கள். அழற்சிக்குக் கொழுப்பு மட்டும் காரணமில்லை. கழுத்தில் மாதக் கணக்கில் கிடக்கிற கதீட்டர் என்ற டயாலிசிஸ் குழாய், சொத்தைப் பல், சுகர்காரர் காலில் ஆறாத புண், இதெல்லாமும் அந்தத் தீயை எரியவிடும். அப்பாவுக்கு இன்னும் கழுத்து வழியாகத்தான் டயாலிசிஸ் என்றால், லெப்டினைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைப்பது) எப்போது போடலாம் என்று கேளுங்கள்.

இனி எடைக்கு வருகிறேன், உங்கள் வீட்டுச் சண்டையே அதில்தான். பொதுவாகக் குண்டு என்றால் இதயத்துக்கு ஆபத்து. டயாலிசிஸ் ஆட்களில் 1990-களின் கடைசியில் இருந்து வந்த பெரிய கணக்கெடுப்புகள் எல்லாம் தலைகீழாகச் சொல்கின்றன, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) கூடியவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள், ஒல்லியானவர்கள் சீக்கிரம் போகிறார்கள். கம்யார் கலந்தர்-ஸாதே இதற்கு 'தலைகீழ் நோய்ப்பரவல்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்து 2003-ல் எழுதிய கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கொழுப்பு திடீரென்று நல்லதாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கொழுப்பு கெடுக்க வருடங்கள் எடுக்கும், உடம்பு கரைவது மாதங்களில் கொன்றுவிடும். அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கச் சேமிப்பு இருப்பவன் ஒரு நிமோனியாவையோ ஒரு ஆபரேஷனையோ தாண்டிவிடுவான், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. 2009-ல் அதே இத்தாலிக்காரர்கள் 537 டயாலிசிஸ் நோயாளிகளின் இடுப்புச் சுற்றளவை அளந்தார்கள். ஒரே பிஎம்ஐ உள்ளவர்களுக்குள் வயிறு பெரிதாக இருந்தவர்கள் அதிகம் இறந்தார்கள், குறிப்பாக இதயத்தால். பிறகு லெப்டினையும் அடிபோனெக்டினையும் இடுப்பளவோடு சேர்த்துப் பார்த்தபோது, ஹார்மோன் எண் ஒன்றே என்றாலும் வயிற்றளவுக்குத் தக்கபடி அதன் அர்த்தம் மாறியது. எனவே எத்தனை கிலோ என்பதை விட அந்தக் கிலோ எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்பதுதான் கேள்வி.

81 கிலோவில் என்னென்ன இருக்கிறது? தசை, கொழுப்பு, எலும்பு, அப்புறம் தண்ணீர். டயாலிசிஸ் யூனிட்டில் எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். ஆள் சட்டைப் பையில் இருக்கிற போனையும் சாவியையும் எடுத்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார், எண் போன மாதம் வந்ததேதான் வரும், "எடை குறையல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். கை மணிக்கட்டில் வாட்ச் மட்டும் முழங்கை வரை வழுக்கிப் போகும். நாற்காலியில் உட்காரும்போது வேட்டிக்குக் கீழே கெண்டைக்கால் சப்பையாகத் தெரியும், கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். தசை மூன்று கிலோ போயிருக்கிறது, அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது, மெஷின் இரண்டையும் ஒன்றாகத்தான் நிறுக்கும். டெக்னீஷியன் பழைய டிரை வெயிட்டுக்கே (கூடுதல் தண்ணீர் இல்லாத எடை என்று குறித்து வைத்த அளவு) தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பார், மீதி நுரையீரலில் ஏறி ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும். உங்கள் அம்மா 'வாடிப்போயிட்டார்' என்று சொல்வது இதுவாக இருக்கலாம். ஐம்பது கிலோ ஆளுக்குத்தான் ஊட்டக் குறைவு வரும் என்று நினைக்காதீர்கள், தொப்பையோடு கூடவே தசை கரைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று, நிற்க வைத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று கணக்கு. (வயிற்றில் திரவம் விட்டுச் செய்கிற பெரிடோனியல் டயாலிசிஸ் என்றால் திரவத்தை வடித்த பிறகுதான் அளக்க வேண்டும். அந்தத் திரவத்தில் இருக்கிற குளுக்கோஸ் உடம்பில் ஏறி வயிற்றுக் கொழுப்பைக் கூட்டும் என்பதையும் அவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.) கூடவே தொடையின் சுற்றளவையும் எழுதுங்கள். கையைப் பயன்படுத்தாமல் நாற்காலியில் இருந்து எழுந்திருக்க முடிகிறதா பாருங்கள். ரத்தத்தில் பார்க்க வேண்டியது ஆல்புமின் என்ற புரதம், அது எல்லா லேபிலும் எடுக்கிற சாதாரண டெஸ்ட். டெசிலிட்டருக்கு 3.8 கிராமுக்குக் கீழே போனாலோ, முயற்சி செய்யாமலேயே மூன்று மாதத்தில் எடையில் 5 சதவீதம் குறைந்தாலோ, உடம்பு கரைவதற்கான அடையாளமாக சர்வதேச சிறுநீரக ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2008-ல் வகுத்த பட்டியலில் அது வரும்.

இப்போது சொல்லுங்கள், இந்த ஆளுக்கு மீனையும் முட்டையையும் நிறுத்தலாமா? டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டதால் பல வீடுகளில் டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் கஞ்சியும் ரசமுமாகவே ஓட்டுகிறார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலம் மெஷின் வழியாகப் போய்விடும். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். குண்டானவர்களுக்கு முழு எடைக்கும் போடாமல் சரிசெய்த எடைக்குப் போடுவோம், உங்கள் அப்பாவுக்கு 65, 70 கிராம் பக்கம் வரும் என்று நினைக்கிறேன், உங்கள் யூனிட்டில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறேழு. டயாலிசிஸ் ஆளுக்கு ஆகாத பாஸ்பரஸ் மஞ்சள் கருவில்தான், வெள்ளைக் கருவில் அது மிகக் குறைவு, எனவே வெள்ளைக் கருவைத் தாராளமாகக் கொடுங்கள். சாளை, சூரை, வாளை எது கிடைத்தாலும் சதையாகத் தின்னட்டும். நெத்திலியை முள்ளோடு மெல்லுவது மட்டும் வேண்டாம், பாஸ்பரஸ் முள்ளில் இருக்கிறது. கருவாடு உப்புக்காகவே கூடாது. மீன் வறுக்கிற தேங்காய் எண்ணெய் பற்றியும் உடனே சண்டை வரும், அளவாகப் போடுங்கள், அதைவிடப் பெரிய பிரச்சனைகள் வரிசையில் நிற்கின்றன.

ராத்திரிச் சாப்பாட்டை வெட்டுவது அதைவிட ஆபத்து. கிட்னி லெப்டினை மட்டுமில்லை, இன்சுலினையும் சிதைத்து வெளியேற்றுகிறது. கிட்னி போன பிறகு போட்ட இன்சுலின் உடம்பில் நெடுநேரம் நிற்கும், அதனால்தான் டயாலிசிஸ் ஆரம்பித்ததும் பலருக்கு டோஸ் குறைகிறது. ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் விடியற்காலையில் சுகர் இறங்கி, வியர்த்து, அந்தப் பதற்றத்திலேயே ஸ்டென்ட் வைத்த இதயம் தடுமாறலாம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) நன்றாக இருக்கிறதே என்று நம்பவும் முடியாது, ரத்தசோகையும் அதற்குப் போடுகிற ஊசியும் சேர்ந்து அந்த எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

குறைக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நம் பக்கத்துச் சாப்பாட்டில் ஒரு தட்டு மரச்சீனிக்கிழங்கும் அதன்மேல் இரண்டு துண்டு மீனும் என்றால் அது மாவுச்சத்துச் சாப்பாடு, மீன் சும்மா ருசிக்கு. தட்டைத் திருப்பிப் போடுங்கள், கிழங்கு கால்வாசி, மீன் அதிகம். கிழங்கைச் சிறு துண்டாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடியுங்கள், பொட்டாசியத்தில் கணிசமான பகுதி அந்தத் தண்ணீரோடு போகும். ஏத்தம்பழம் (நேந்திரன்), பழம்பொரி, சக்கைப்பழம் (பலா), இளநீர் நான்கும் பொட்டாசியப் பெட்டிகள். உடம்புக்குக் குளிர்ச்சி என்று யாராவது இளநீர் சீவிக் கொடுத்தால் வாங்க வேண்டாம், பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடலாம். லெப்டினுக்குப் பயப்படுகிறவர்கள் இதற்குப் பயப்படாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. கோலா வகை பானங்களிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கிற பாஸ்பேட் ஏறக்குறைய முழுசாக ரத்தத்தில் ஏறிவிடும், பயறில் இருக்கிற பாஸ்பரஸ் அப்படி ஏறாது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் வீண். ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இரும்புக் குழாய் மாதிரி ஆவதில் பாஸ்பரஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

டயாலிசிஸ் ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயத்தால்தான் இறக்கிறார்கள், ஆனால் அது சினிமாவில் வருகிற மாதிரி கொழுப்பு அடைத்து வருகிற ஹார்ட் அட்டாக்காகவே இருக்க வேண்டியதில்லை. இதயச் சுவர் தடித்துப்போவது, சுண்ணாம்பு, பொட்டாசிய ஏற்ற இறக்கம், தண்ணீர்ச் சுமை எல்லாம் சேர்ந்து திடீர் மரணமாக வருகிறது. 2011-ல் அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஆய்வில், வாரத்தில் மூன்று டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கே நீண்ட இடைவெளி முடிகிற நாளில்தான் மரணமும் இதயக் கோளாறும் கூடுதல் என்று தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு வாரம் இரண்டுதான், திங்கள் வியாழன் என்றால் வியாழனில் இருந்து அடுத்த திங்கள் வரை நான்கு நாள் இடைவெளி. மூன்றாக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வரும், ஆனால் திருவனந்தபுரத்துக்குப் போய்ச் செய்கிறவர்கள் அங்கே அந்த அட்டை செல்லுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும், எல்லைக்கு இந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறுகிற எடை முழுக்கத் தண்ணீர்தான். மணிக்குக் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் எடுத்தால் இதயத்துக்குக் கெடுதல் என்று கணக்கு இருக்கிறது, 80 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் நான்கு லிட்டர் சொச்சம். ஐந்து லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்து அவசரமாக எடுக்கச் சொன்னால் பிரஷர் விழும், கால் பிடித்திழுக்கும், இதயத் தசைக்கு ரத்தம் குறையும். தண்ணீரைக் குறை என்று திட்டுவதால் பயனில்லை, உப்பைக் குறைத்தால் தாகமே குறையும். ஊறுகாய், அப்பளம், புரோட்டாக் கடைச் சால்னா, உப்பேரி, இவைதான் அந்த ஐந்து லிட்டரைக் குடிக்க வைக்கின்றன.

கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் சுகரோடு டயாலிசிஸில் இருந்த 1,255 பேரை வைத்து அட்டார்வாஸ்டாட்டினைச் சோதித்த ஆய்வு 2005-லும், 2,776 பேரை வைத்து ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்த ஆய்வு 2009-லும் வந்தன, இரண்டிலும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அதனால் 2013-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் டயாலிசிஸ் நோயாளிக்குப் புதிதாக ஸ்டாட்டின் ஆரம்பிக்க வேண்டாம், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் தொடரலாம் என்கிறது. அப்பா ஸ்டென்ட் வைத்த காலத்தில் இருந்தே போடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்படியானால் தொப்பையை விட்டுவிடுவதா? இல்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்கிற எண்ணம் இருந்தால் அறுவை செய்கிறவர்கள் எடையைக் குறைக்கச் சொல்வார்கள், அது நியாயம். ஆனால் அது மெதுவாக, புரதத்தைக் குறைக்காமல், தசையை வளர்த்துக்கொண்டே நடக்க வேண்டும். இத்தாலியில் 2017-ல் வெளியான ஆய்வில் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலேயே எளிய நடைப்பயிற்சி செய்ய வைத்தார்கள், ஆறு மாதத்தில் ஆறு நிமிட நடைத் தூரம் சராசரியாக 328 மீட்டரில் இருந்து 367 மீட்டராகக் கூடியது. பெரிய ஜிம் ஒன்றும் வேண்டாம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வெயில் தாழ்ந்த பிறகு பத்து நிமிடம் நடந்துவிட்டு, நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்யட்டும், நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் தொடங்கும் முன்பே இதய ஸ்கேனான எக்கோ ஒன்று எடுத்துக் காட்டிவிடுங்கள்.

அந்தப் பேக்கேஜ் ரிப்போர்ட்டிலேயே ஆல்புமின், பாஸ்பரஸ், பொட்டாசியம், ஹீமோகுளோபின் எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதையும், போன மூன்று மாதத்து டயாலிசிஸ் சீட்டில் எழுதியிருக்கிற முன் எடை பின் எடையையும் எடுத்துக்கொண்டு அடுத்த தடவை போகும்போது டிரை வெயிட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு இரண்டு இட்லியும் மீன்கறியும் கொடுத்துவிடுங்கள், குழம்பு குறைவாக, மீன் கூடுதலாக.